கோஷர் ஊறுகாயில் கோஷர் எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: சூப்பர் மார்க்கெட்டில் 'கோஷர் டில்' என்று ஒட்டிய வெள்ளரி ஊறுகாய் பாட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள் (கோஷர் என்றால் யூத உணவுச் சட்டப்படி சாப்பிடத் தகுந்தது). யூதர்களுக்கென்று காயும் பழமும் பதப்படுத்தும் தனி முறை ஏதாவது உண்டா, இல்லை, எந்த நாட்டில் வாழ்ந்தார்களோ அந்த நாட்டு ஊறுகாயைத்தான் அவர்களும் போட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

பக்குவம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருடையதுதான். போலந்து யூதர் பீப்பாயில் போட்ட முட்டைக்கோஸும் அவருடைய கிறிஸ்தவ அண்டைவீட்டார் போட்டதும் ஒன்றுதான், மொரோக்கோ யூதரின் உப்பு எலுமிச்சையும் அப்படியே. ஆனால் எந்த நாளில் ஜாடியில் போடுவது, எந்த நாளில் திறப்பது, அதற்குள் எது இருக்கவே கூடாது என்ற மூன்றையும் முடிவு செய்வது அவர்களுடைய சட்டமும் பண்டிகை நாட்காட்டியும். அங்கேதான் இது தனிச் சமையலாகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்முறைகளை மட்டும் தேடிப் போனால், "அட, இது நம்ம ஊறுகாய்தானே" என்று தோன்றி அத்தோடு நின்றுவிடும்.

முதலில் அந்த பாட்டில். வெள்ளரிக்காய், பூண்டு, உப்பு, சதகுப்பை (டில் என்பது அதுதான்) எல்லாமே யூதச் சட்டப்படி தாராளமாகச் சாப்பிடக்கூடியவை, எந்தக் காய்கறியுமே கோஷர் அல்லாதது கிடையாது. அப்புறம் ஏன் அந்தப் பெயர்? நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், குறிப்பாக எஸ்ஸெக்ஸ் தெருவில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள் பீப்பாய் பீப்பாயாக வெள்ளரி ஊறுகாய் விற்றார்கள். வினிகர் இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரில் புளிக்க வைத்தது, பூண்டு தூக்கலாக இருக்கும். அந்த ருசிக்குத்தான் அமெரிக்காவில் 'கோஷர் டில்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது, அதாவது பூண்டு போட்ட யூத பாணி ஊறுகாய் என்று அர்த்தம். ஆகவே பாட்டிலில் அப்படி எழுதியிருப்பதாலேயே அது கோஷர் என்று ஆகிவிடாது. சான்று வேண்டுமானால் ஏதாவது ஒரு சான்றளிப்பு அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (வட்டத்துக்குள் ஆங்கில யு எழுத்து இருந்தால் அது ஆர்த்தடாக்ஸ் யூனியன்). காயில் பிரச்சினை இல்லாவிட்டாலும் தொழிற்சாலையில் சேர்க்கும் மற்றதில் வரலாம். பாலிசார்பேட் போன்ற பொருள் விலங்குக் கொழுப்பிலிருந்து வந்திருக்கக்கூடும், வினிகர் திராட்சை மதுவிலிருந்து வந்ததாக இருந்தால் அந்த மதுவே கோஷராக இருந்தாக வேண்டும்.

இன்னொரு சட்டம் இதைவிட முக்கியமானது. கவூஷ் கிமெவுஷால் என்பார்கள், ஊறியது வேகவைத்ததற்குச் சமம் என்று பொருள். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில் சாமுவேல் என்ற அறிஞரின் பெயரில் வரும் விதி இது. ஒரு பொருள் திரவத்தில் 24 மணி நேரம் ஊறினால், ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைத்ததைப் போலவே பாத்திரத்தின் சுவை பொருளுக்குள்ளும் பொருளின் சுவை பாத்திரத்துக்குள்ளும் இறங்கிவிட்டதாகக் கணக்கு. வெறும் தண்ணீராக இல்லாமல் கெட்டியான உப்புக் கரைசலாகவோ வினிகராகவோ இருந்தால் 24 மணி நேரம் கூடத் தேவையில்லை, அடுப்பில் வைத்துக் கொதி வரும் நேரமே போதும். இதை ஊறுகாய்க்குப் பொருத்திப் பாருங்கள். நேற்றுவரை வேறு யாரோ கோஷர் அல்லாத மது வைத்திருந்த பீப்பாயில் இன்று வெள்ளரிக்காய் போட்டால், அது அந்த மதுவில் வேகவைத்த வெள்ளரிக்காய் மாதிரி. அதனால்தான் பச்சை வெள்ளரிக்காயைச் சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிய குடும்பம், ஊறிய வெள்ளரிக்காயை மட்டும் தெரிந்த யூதக் கடைக்காரரிடம் வாங்கியது. ஊறுகாய் வியாபாரம் ஒரு யூதத் தொழிலாக நிலைத்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளுக்கு வருவோம். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை அடுப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஊறுகாய் போடவும் கூடாது என்பது அவ்வளவாகத் தெரியாது. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே இது வந்துவிடுகிறது: ஓய்வுநாளில் காய் ஊறவைக்கும் கடும் உப்புக் கரைசலைத் தயாரிக்கக்கூடாது, ரொட்டி தொட்டுச் சாப்பிடக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் கலக்கலாம். 1565இல் வெனிஸில் அச்சான சுல்ஹான் ஆருஹ் என்ற சட்டத் தொகுப்பு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. முள்ளங்கித் துண்டுகளை நாலைந்தாகச் சேர்த்து உப்புப் போட்டு வைக்கக்கூடாது, அது ஊறுகாய் போடுவது போலத் தெரிகிறது. ஒவ்வொரு துண்டாக உப்பில் தொட்டு வாயில் போடுவதில் தடையில்லை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். உப்பு பட்டதும் முள்ளங்கி தண்ணீர் விட்டு, காரம் குறைந்து, துவண்டு வேறொரு பொருளாக மாறுகிறது என்பதைச் சமையலறையில் பல முறை பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு விதி எழுதியிருக்க முடியும்.

இதன் விளைவு, எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். சனி மதியம் சாப்பாட்டில் இரவெல்லாம் தணலில் கிடந்த கனமான இறைச்சிக் கூட்டு மட்டும் சூடாக வரும், மற்றதெல்லாம் ஆறியது. கோஷர் சட்டப்படி இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பதால் தயிர் ஊற்றிக் கொழுப்பை மட்டுப்படுத்தவும் வழியில்லை. காயிலிருந்து வரும் புளிப்பு இறைச்சியோடும் சேரும், பாலோடும் சேரும். அதனால் ஊறிய வெள்ளரிக்காயும் முட்டைக்கோஸும் அந்தச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வந்தவை என்பதைவிட, அவை இல்லாமல் அந்தச் சாப்பாடு இறங்காது என்பதே சரி.

கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் இலையுதிர் காலம் முடிவதற்குள் முட்டைக்கோஸ் அரிந்து உப்பிட்டு, பீப்பாயில் கெட்டித்து, மேலே பலகையும் கல்லும் வைத்து நிலவறையில் இறக்கிவிடுவார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு உருளைக்கிழங்கும் கறுப்பு ரொட்டியும் இதுவும்தான் மாதக்கணக்கில் சாப்பாடு, குளிர்காலத்தில் வைட்டமின் சி கிடைத்ததில் இந்தப் பீப்பாய்க்கும் பங்கு உண்டு.

அந்த வெள்ளரிக்காயை வீட்டில் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக என் கணக்கு. விரல் நீளப் பிஞ்சு வெள்ளரி ஒரு கிலோ. பூ இருந்த நுனியை மெல்லிசாகச் சீவிவிடுங்கள், காயை மெத்தென்று ஆக்கும் நொதி அங்கேதான் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல் உப்பு போட்டால் அரைப் புளிப்பு, உள்ளே இன்னும் பச்சைக் காயின் வாசம் இருக்கும். 50 கிராம் போட்டுச் சில வாரம் விட்டால் முழுப் புளிப்பு. நசுக்கிய பூண்டு ஒரு கைப்பிடி, சதகுப்பைக் கொத்து, மிளகு, கொத்தமல்லி விதை, பிரிஞ்சி இலை. திராட்சை இலை கிடைத்தால் இரண்டு போடுங்கள், அதிலிருக்கும் துவர்ப்புக் காயை மொறுமொறுப்பாக வைத்திருக்கும் (கிழக்கு ஐரோப்பாவில் செர்ரி இலை, ஓக் இலை, குதிரைமுள்ளங்கி இலை போடுவார்கள்). காய் கரைசலுக்கு மேலே தலைகாட்டக்கூடாது, அது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் நாலைந்து நாளில் கரைசல் கலங்கி, குமிழி விட்டு, புளித்த வாசம் வரும். கலங்குவது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். சென்னை வெயிலில் இரண்டாம் நாளே ருசி பார்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், நான் ஒரு மே மாதம் ஐந்து நாள் விட்டுவிட்டு வெறும் கூழைத்தான் எடுத்தேன்.

இப்போது பெசாஹ், அதாவது எகிப்திலிருந்து வெளியேறியதன் நினைவாக வரும் வசந்த காலப் பண்டிகை. பதப்படுத்தும் கலை எனக்கு மிகவும் அழகாகத் தெரிவது இங்கேதான். அந்த எட்டு நாளும் (இஸ்ரேலில் ஏழு) கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்ற தானியம் எதுவும் புளித்த நிலையில் வீட்டில் இருக்கவே கூடாது. அஷ்கெனாசி யூதர்கள், அதாவது ஜெர்மனி தொடங்கிக் கிழக்கு ஐரோப்பாவரை பரவியவர்கள், கடுகைக்கூடத் தள்ளிவைத்துவிடுவார்கள். நினைத்துப் பாருங்கள், அந்தப் பகுதியில் சூப்புக்குப் புளிப்புத் தரும் பொருளில் பெரும்பங்கு ரை மாவையோ ரொட்டியையோ புளிக்க வைத்துத்தான் வரும். தானிய வினிகரும் உதவாது. அப்படியானால் புளிப்புக்கு எங்கே போவது?

பீட்ரூட்டுக்குப் போனார்கள். ரோஸல் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் பெயர். பூரிம் பண்டிகைக்கும் (பாரசீகத்தில் யூதர்களை அழிக்க நடந்த சதியிலிருந்து தப்பியதன் நினைவு) பெசாஹுக்கும் இடையே சரியாக ஒரு மாதம். பூரிம் முடிந்ததும் பீட்ரூட்டைத் தோல் சீவித் துண்டாக்கி, பெசாஹுக்கென்றே தனியாக வைத்திருக்கும் மண்ஜாடியில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, துணியால் வாய்கட்டி, வீட்டின் மற்றச் சாப்பாடு எதுவும் தெறிக்காத ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். மேலே வெண்ணுரை கட்டும், அதை அவ்வப்போது வழித்துவிட வேண்டும். மூன்று நாலு வாரத்தில் அந்தத் தண்ணீர் சிவப்பு ஒயின் நிறத்தில் தெளிந்து, நாக்கைச் சுண்டும் புளிப்போடு இருக்கும். அதுதான் பண்டிகை போர்ஷ்ட் சூப்பின் அடித்தளம். வீடு முழுக்க இன்னும் சாதாரண ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது ஒரு மூலையில் மட்டும் பெசாஹ் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும் ஒரு காட்சி.

அதே பீட்ரூட்டை நீளவாக்கில் அரிந்து, சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை, பாதாம் போட்டுக் கருஞ்சிவப்பாகச் சுண்ட வைத்தால் ஐங்கெமாக்ட்ஸ். கறுப்பு முள்ளங்கியிலும் செய்வார்கள். பெசாஹ் நாட்களில் மட்ஸா என்ற புளிக்காத ரொட்டி மேல் தடவியும், கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டுத் தேநீர் குடித்தும் தீர்ப்பார்கள். வசந்தம் தொடங்கும்போது குளிர்நாட்டில் புதிய பழம் ஏது? கையில் இருந்தது கிழங்கு, அதையே பழமாக்கினார்கள்.

பூரிமுக்கும் ஒரு ஜாடி உண்டு, அதில் ஒரு வழக்கின் கதையும் இருக்கிறது. போவிட்ல் என்பது நன்றாகப் பழுத்த பிளம்ஸைச் சர்க்கரை சேர்க்காமல் மணிக்கணக்கில் கிளறிக் கறுப்பாகச் சுண்ட வைத்த ஜாம். பொஹீமியாவில் யூங்புன்ஸ்லாவ் என்ற ஊரில் (இன்று செக் நாட்டில் ம்லாடா போலெஸ்லாவ்) டேவிட் பிராண்டைஸ் என்ற யூத வியாபாரி இதை விற்றுவந்தார். 1731இல் அவரிடம் போவிட்ல் வாங்கிச் சாப்பிட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தினர் நோய்வாய்ப்பட்டார்கள், வீட்டுத் தலைவர் இறந்துபோனார். ஜாமில் விஷம் வைத்தார் என்று பிராண்டைஸைச் சிறையில் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பழி ஒருவரோடு நிற்காது, ஊரிலிருந்த மொத்த யூதர்கள் மீதும் பாயும். பிறகு அந்த மனிதர் காசநோயால்தான் இறந்தார் என்று தெரியவந்து அவரை விடுவித்தார்கள். பூரிமுக்கு நாலு நாள் முந்தைய, யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 10ஆம் தேதியை அந்தக் குடும்பம் போவிட்ல் பூரிம் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடியது. முன்பு கசகசாப் பூரணம் வைத்துச் செய்த முக்கோண ஹாமன்டாஷ் பலகாரத்துக்குள் பிளம்ஸ் ஜாம் நுழைந்ததற்கு இந்த நிகழ்ச்சிதான் காரணம் என்று சொல்வார்கள். பூரிமே ஒரு பொய்ப்பழியிலிருந்து தப்பிய கதைதான் என்பதால் இந்த ஜாம் அங்கே அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

தெற்கே போனால் உப்புக் குறைந்து சர்க்கரை ஏறும். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட செபர்தி யூதர்களில் ஏராளமானோர் ஒட்டோமான் பேரரசில் குடியேறினார்கள்: சலோனிகா, இஸ்தான்புல், இஸ்மிர், ரோட்ஸ் தீவு. விருந்தாளி வந்தால் தட்டில் துல்ஸே வைப்பார்கள், அதாவது பழப்பாகு: சீமைமாதுளை, ஆரஞ்சுத் தோல், ரோஜா இதழ், வெண்பாகு. வெள்ளிக் கரண்டியால் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுக் கரண்டியை அந்த டம்ளரிலேயே போட வேண்டும். இரண்டாவது கரண்டி எடுப்பது மரியாதையில்லை. சீமைமாதுளையை வில்லையாக உலரவைத்த பிம்பிரியோ என்ற பலகாரத்தின் பெயரில் ஸ்பானிய மொழி அப்படியே உட்கார்ந்திருக்கிறது, துரத்தப்பட்டு ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும். சலோனிகாவில் இந்தத் தட்டை நீட்டிய வீடுகள் இன்று இல்லை. 1943 மார்ச் தொடங்கிச் சில மாதங்களில் அந்த ஊர் யூதர்களில் மிகப் பெரும்பாலோரை நாஜிகள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள், கையளவும் கண்ணளவுமாக இருந்த பக்குவங்களில் எத்தனையோ அவர்களோடு போயின.

மொரோக்கோ யூதர்கள் பெசாஹ் முடிந்த இரவு மிமூனா கொண்டாடுவார்கள். அன்று மேசையில் இனிப்பு தவிர வேறெதற்கும் இடமிருக்காது, அதில் குட்டிக் கத்தரிக்காயை முழுசாகப் பாகில் வேகவைத்த ஒன்று உண்டு. கத்தரிக்காயில் ஜாமா என்று முகம் சுளிக்காதீர்கள். கிராம்பும் இஞ்சியும் ஊறிப்போய் அது அத்திப்பழம் போல இருக்கும்.

ஈராக் யூதர்களின் கதையில் நமக்கே பங்கு இருக்கிறது. அவர்களுடைய ஊறுகாயின் பெயர் அம்பா. பச்சை மாங்காயை உப்பில் ஊறவைத்து மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்த்த புளிப்பான குழம்பு, பார்த்தவுடன் உங்களுக்கே அடையாளம் தெரியும். மராத்தியில் மாம்பழத்துக்கு ஆம்பா என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாக்தாத் யூத வணிகர்கள் பம்பாயில் குடியேறினார்கள் (டேவிட் சாசூன் 1832இல் வந்தார்), பம்பாய்க்கும் பாஸ்ராவுக்கும் இடையே போன கப்பல்களில் மாங்காய் ஊறுகாயும் போனது. பாக்தாதில் அது மதம் பார்க்காமல் எல்லோருக்கும் பிடித்துப்போய், ரொட்டிக்குள் அம்பா வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் தின்னும் பண்டமாக ஆகிவிட்டது. 1950, 1951இல் சுமார் 1,20,000 யூதர்கள் விமானமேறி ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் போனபோது சொத்தைக் கொண்டுபோக முடியவில்லை, இந்த ருசி மட்டும் கூடவே போனது. சனிக்கிழமை காலையில் அடுப்பு மூட்ட முடியாது என்பதால் வெள்ளிக்கிழமையே பொரித்துவைத்த கத்தரிக்காய், இரவு முழுக்கத் தணலில் கிடந்து பழுப்பேறிய முட்டை, இவற்றோடு அம்பா. ராமத் கான் நகரில் அதையே ரொட்டிக்குள் மடித்துக் கடையில் விற்க ஆரம்பித்தார்கள், அதுதான் இன்றைய சபீஹ். நம் மாங்காய் ஓய்வுநாள் சட்டத்துக்குள் எவ்வளவு இயல்பாகப் போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஜாடி. சுக்கோத் என்ற இலையுதிர் காலப் பண்டிகைக்கு எத்ரோக் என்ற பழம் வேண்டும். நம் நார்த்தங்காய்க்கு நெருங்கிய சொந்தம், தோல் தடித்து, உள்ளே சாறு மிகக் குறைவு, வாசனை மட்டும் அறை நிறைய. குளிர்நாடுகளில் இது விளையாது, இத்தாலியின் கலாப்ரியா, கிரேக்கத் தீவான கோர்ஃபு போன்ற இடங்களிலிருந்து பஞ்சு போன்ற நாரில் பொதிந்து வரவழைத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப. பண்டிகை முடிந்த மறுநாள் அதற்கு எந்தச் சடங்கும் இல்லை. ஏழு நாள் கையில் ஏந்திப் பிரார்த்தித்த பொருளைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? ஜாம் ஆக்கினார்கள்.

மெல்லிய வில்லைகளாக அரிந்து, விதை எடுத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அப்புறம் மூன்று தடவை கொதிக்கவைத்து ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் அவசரப்பட்டால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. பிறகு பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்து, வில்லை கண்ணாடி போல ஆகும்வரை மெல்லிய தீயில். ஒரு பழத்துக்குச் சின்ன பாட்டில்தான் தேறும், அளவு போதாது என்று ஆரஞ்சு சேர்ப்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: இப்போது சடங்குக்கென்று வளர்க்கும் எத்ரோக்கில் கீறலும் புள்ளியும் வராதிருக்கப் பூச்சிமருந்து தாராளமாக அடிக்கிறார்கள். சாப்பிடுவதற்கென்று வளர்த்த பழம் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

அந்த பாட்டிலை உடனே திறப்பதில்லை. யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15ஆம் நாள், ஜனவரி பிப்ரவரி வாக்கில், தூ பிஷ்வாத் என்ற மரங்களின் புத்தாண்டு வரும். பனி மூடிய ஐரோப்பிய ஊர்களில் அன்று உலர்ந்த அத்தி, பேரீச்சை, பல்லை உடைக்கும் அளவுக்குக் காய்ந்த கேரப் நெற்று எனப் புனித நாட்டில் விளையும் கனிகளை எப்படியாவது தேடிச் சாப்பிட்டார்கள். அவற்றோடுதான் எத்ரோக் ஜாமும் வெளியே வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் கரண்டி அவளுக்கு, பிரசவம் சுலபமாகும் என்ற நம்பிக்கையில்.